கண்மாய்க்குள் திரும்பவும் முளைத்த சீமைக்கருவேலம்: என்ன செய்யலாம்?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். முதுகுளத்தூர் பக்கம் உங்கள் ஊர். கண்மாய் முழுக்கச் சீமைக்கருவேலம் அடைந்து கிடந்தது. 2 வருஷத்துக்கு முன் ஊரார் காசு போட்டு, ஜேசிபி வைத்துச் சுத்தம் செய்தீர்கள். இப்போது முன்பைவிட அடர்த்தியாக நிற்கிறது. திரும்ப வண்டி வைக்கலாம் என்று சிலர், மருந்து அடிக்கலாம் என்று சிலர், விறகுக்காவது ஆகட்டும், விட்டுவிடுங்கள் என்று சிலர். கூடவே சாலையோரப் பார்த்தீனியக் களைக்கும் வழி கேட்டிருக்கிறீர்கள்.

ஊர்க்காசு வீணாகிவிட்டதே என்று சோர்ந்துபோக வேண்டாம். பாதி வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறீர்கள். மீதிப் பாதிக்குக் காசும் ஒதுக்கவில்லை, ஆளும் ஒதுக்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது. இந்த மரத்தை வெட்டுவது சில நாள் வேலை. வெட்டிய பிறகு வரும் 3 மழைக்காலம்தான் பெரிய வேலை. எங்கள் ஊரில் நாங்கள் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். ஏலம் எடுத்தவர் விறகு கிடைத்தால் போதும் என்று தரையோடு அறுத்துக்கொண்டு போய்விட்டார். ஆவணியில் கண்மாய் வெட்டவெளியாக இருந்தது, எல்லோருக்கும் சந்தோஷம். ஐப்பசி மழை விழுந்த பிறகு போய்ப் பார்த்தால் ஒவ்வொரு தூரிலிருந்தும், அதாவது மண்ணில் நின்ற அடிக்கட்டையிலிருந்தும், 8, 10 கிளை கிளம்பியிருந்தது. ஒற்றை மரம் நின்ற இடத்தில் புதர் நின்றது.

ஏன் இப்படி ஆகிறது என்று தெரிய ஒரே ஒரு தூரைத் தோண்டிப் பாருங்கள். மரம் மண்ணுக்குள் இறங்கும் இடத்தில் ஒரு வீக்கம் இருக்கும். தண்டு வேராக மாறுகிற கழுத்து அது. மண்ணைத் துடைத்துவிட்டுக் கையால் தடவினால் பட்டைக்கு அடியில் சின்னச் சின்ன முண்டுகள் தட்டுப்படும். உறங்குகிற மொட்டுகள் அவை. மேலே இருக்கும் மரத்தை அறுத்ததும் அத்தனையும் விழித்துக்கொள்ளும். ஆழத்தில் போகிற வேர்ப்பாகத்தில் அப்படி மொட்டுகள் கிடையாது. ஆகவே அந்தக் கழுத்துக்குக் கீழே, ஒரு முழம் ஆழத்தில் வெட்டி எடுத்துவிட்டால் அந்த மரம் முடிந்தது. கழுத்து மண்ணுக்குள் நின்றுவிட்டால் மேலே எத்தனை முறை அறுத்தாலும் திரும்ப வரும். ஜேசிபி வைத்தவர்கள் அவசரத்தில் பக்கெட்டால் மரத்தைச் சாய்த்துத் தள்ளிவிட்டுப் போவார்கள். மரம் கழுத்துக்கு மேலே முறிந்திருக்கும், பார்ப்பதற்கு வேரோடு பிடுங்கியதுபோலத் தெரியும். உங்கள் ஊரில் நடந்ததும் இதுவாகத்தான் இருக்கும்.

இன்னொரு காரணம் விதை. முதல் மழை பெய்து பத்து நாள் கழித்துக் கண்மாய்க்குள் நடந்து பாருங்கள். காய்ந்து கிடக்கும் மாட்டுச் சாணியை ஒரு குச்சியால் புரட்டுங்கள். போன வருஷம் ஒரு சாணியில் நான் எண்ணியபோது 17 கன்று முளைத்திருந்தது. பருப்பு முளை மாதிரி இரண்டு தடித்த இலை, நடுவில் இறகு போல ஒரு துளிர். இந்த மரத்தின் தழையை ஆடுமாடு தொடாது. ஆனால் பழுத்த நெற்று இனிப்பு, அதைத் தேடித் தேடித் தின்னும். விதையின் மேலோடு கெட்டியானது, வயிற்றில் அரைபடாமல் தப்பிக்கும் விதை ஏராளம். மாட்டின் வயிற்றில் தப்புவது ஆட்டைவிட அதிகம். வெளியே வரும்போது ஓடும் இளகியிருக்கும், எருவும் சேர்ந்திருக்கும். மண்ணுக்குள் புதைந்த விதையோ பல வருஷம் முளைக்காமல் காத்துக் கிடக்கும். மேலே நிழல் கொடுத்த மரத்தை எடுத்து, வண்டியால் மண்ணையும் கிளறிவிட்டால், அத்தனை விதைக்கும் வெயிலும் இடமும் கிடைத்துவிடுகிறது.

இந்த மரம் நம் ஊருக்கு வந்த கதை நீளமானது. நடு அமெரிக்கா, கரீபியன் பக்கத்து மரம் இது. 1877-இல் ஜமைக்காவிலிருந்து விதை தருவித்து, கடப்பைப் பகுதியில் கமலாபுரத்தில் போட்டதாகப் பதிவு இருக்கிறது. விறகுப் பஞ்சத்துக்கும் வறண்ட நிலத்துக்கும் நல்லது என்ற எண்ணத்தில்தான் கொண்டுவந்தார்கள். பிறகு பல கட்டங்களில் அரசே பரப்பியது. நம் மாவட்டத்தில் உவர் ஏறி விவசாயம் விட்டுப்போன கரம்பு நிறைய. அங்கே வேறு எதுவும் நிற்காதபோது இது நின்றது. வேலிக்கும் ஆனது, அடுப்புக்கும் ஆனது. அதனால்தான் வேலிக்காத்தான் என்று பேர் வைத்தார்கள்.

நமக்கு மட்டும் வந்த வினையும் இல்லை இது. கென்யாவின் பாரிங்கோ ஏரிப் பக்கம் 1980-களில் இதே மரத்தை நட்டார்கள். அங்கே மாத்தெங்கே என்று சொல்கிறார்கள். மேய்ச்சல் நிலமெல்லாம் போய், நெற்றுத் தின்று தின்று ஆடுகளுக்குப் பல் விழுந்துபோனது. அந்தப் பகுதியின் இல்சாமுஸ் மக்கள் அரசின் மேல் வழக்குப் போட்டு, பல்லில்லாத ஆடு ஒன்றை நீதிமன்றத்துக்கே பிடித்துக்கொண்டு போனார்கள்.

ஊர்க்கூட்டத்தில் பேசும்போது ஒன்றைக் கவனியுங்கள். இந்த மரம் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும், நிழலில் கட்டிய மாடு மலடாகும், பிராணவாயுவே விடாது என்றெல்லாம் வாட்ஸப்பில் சுற்றுகிறது. எதற்கும் ஆதாரம் இல்லை. உண்மையாக இருக்கிற கெடுதலே போதுமான அளவு இருக்கிறது: ஆழமாக வேர்விட்டு, கோடையிலும் பச்சையாக நின்று நிலத்தடி நீரைக் குடிக்கிறது, அடியில் புல் முளைக்க விடுவதில்லை, கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வரத்துக்காலை அடைக்கிறது, வண்டல் தேங்கக் கண்மாய் மேடாகிறது. பொய்யைக் கலந்து சொன்னால், அது பொய் என்று தெரிந்த நாளில் உண்மையையும் சேர்த்துத் தள்ளிவிடுவார்கள்.

வண்டி வருவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. இதை விட்டுவிட்டால் எனக்கு மனசே ஆறாது. நாட்டுக்கருவேலத்தையும் சேர்த்துப் பிடுங்கிவிடுகிறார்கள். இரண்டும் முள், இரண்டும் பொடி இலை, வண்டி ஓட்டுகிறவருக்கு எல்லாம் ஒன்றுதான். நம் கருவேலத்துக்குப் பட்டை கறுத்து வெடித்திருக்கும், பூ மஞ்சள் உருண்டையாக இருக்கும், காய் பாசிமணி கோத்த மாதிரி இடைக்கிடை இறுக்கி வெளிறிய சாம்பல் நிறத்தில் தொங்கும். சீமைக்கருவேலத்தின் பூ வெளிறிய மஞ்சளில் விரல் நீளக் கதிராகத் தொங்கும், நெற்று நீளமாக மஞ்சளடித்துப் பழுக்கும், சின்னக் கிளைகள் முழங்கை மடக்கியதுபோல வளைந்து வளைந்து போகும். ஊரில் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவரையும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நாலு பேரையும் அழைத்துக்கொண்டு போய், நாட்டுக்கருவேலம், உடைமரம், வேம்பு, இலந்தை, பனை எல்லாவற்றுக்கும் சுண்ணாம்பால் வளையம் அடித்துவிடுங்கள். ஒரு நாள் வேலை. வளையம் உள்ள மரத்தைத் தொட்டால் கூலியில் பிடிப்போம் என்று வண்டிக்காரரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

சரி, எங்கே தொடங்குவது? கண்மாய் முழுக்க ஒரே மூச்சில் எடுக்கும் எண்ணத்தை விடுங்கள். அடுத்தடுத்த வருஷம் கவனிக்க முடிகிற அளவுக்கு மட்டும் எடுங்கள். என் கணக்கில் முதல் இடம் வரத்துக்கால். அது அடைந்திருந்தால் கண்மாய் சுத்தமாக இருந்தும் தண்ணீர் வராது. அடுத்தது தண்ணீரைத் திறந்துவிடும் மடையும், மிச்ச நீர் வழிந்தோடும் கலுங்கும். அப்புறம் கரை. கண்மாயின் உட்பரப்பான உள்வாயைக் கடைசியாக, துண்டு துண்டாகப் பிரித்து எடுக்கலாம். சொந்தப் பட்டாக் கரம்பில் நிற்கும் மரத்தைப் பற்றி இப்போது சண்டை போட வேண்டாம். அதில் கரி போட்டுப் பிழைக்கிற குடும்பங்கள் இருக்கின்றன, முதலில் பொதுத் தண்ணீரைக் காப்பாற்றுவோம்.

கண்மாய் யாருடையது என்று பாருங்கள். அதன் ஆயக்கட்டு (அதில் பாசனம் பெறும் நிலம்) 40 ஹெக்டேருக்கு, அதாவது 100 ஏக்கருக்கு மேலே இருந்தால் நீர்வளத்துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். பொது இடத்து மரத்தை யாரும் தன்னிச்சையாக வெட்ட முடியாது. வனத்துறை மதிப்புப் போட்டு, ஏலம் விட்டுத்தான் எடுக்க வேண்டும். கிராமசபையில் தீர்மானம் போட்டு எழுத்தில் கேளுங்கள். அதிகாரிகள் தயங்கினால் காட்டுவதற்கு விஷயம் இருக்கிறது: உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2017-இல் தென்மாவட்டங்களில் இந்த மரத்தை அகற்றச் சொன்னது. பிறகு அதே வருஷம் இடைக்காலத் தடையும் வந்தது, வழக்கு நீண்டது. 2022-இல் தமிழ்நாடு அரசு அயல் தாவரங்களை அகற்றி நிலத்தை மீட்பதற்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது. அந்தக் கொள்கையைச் சுட்டி மனு எழுதுங்கள்.

ஏல நிபந்தனையில்தான் எல்லாமே இருக்கிறது. மரத்தோடு தூரையும் எடுக்க வேண்டும், குழியை மூட வேண்டும், நெற்று கிடக்கும் கழிவை உள்ளேயே குவித்துவிட்டுப் போகக் கூடாது, தூர் எடுத்ததை ஊர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் முன்பணம் திரும்பும் என்று எழுதி வாங்குங்கள். தூருக்கு ஆள் கிடைக்குமா என்று கேட்பீர்கள். கிடைப்பார்கள், கரிமூட்டம் போடுகிறவர்களிடம் கேளுங்கள். தூர்க்கட்டை கனமானது, நின்று எரியும், அதில் எடுக்கும் கரிக்கு மதிப்பு இருக்கிறது. விறகை அடுக்கி, வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, உள்ளே தீ வைத்து, நாள்கணக்கில் புகையை மட்டும் பார்த்துக்கொண்டு காவல் இருக்கிறார்களே, அவர்களுக்குத்தான் இந்த மரத்தின் வேர் எங்கே ஓடும் என்று நம் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். ஊருக்கு ஆகாதவர்கள் போல அவர்களை ஒதுக்கிவைத்துவிட்டு வெளியூர் வண்டியை நம்புவது எனக்குச் சம்மதமில்லை. கண்மாயைப் பகுதி பிரித்து, விறகும் தூரும் உங்களுக்கு, சுத்தமான தரை ஊருக்கு என்று பேசிப் பாருங்கள். கூலிச் செலவு பாதியாவது குறையும்.

நேரம் என்று பார்த்தால், கண்மாய் வற்றியதிலிருந்து மழைக்கு முன் வரை. நெற்று பழுத்துக் கொட்டுவதற்கு முன்னால் வெட்டிவிட முடிந்தால் ரொம்ப நல்லது, அந்த வருஷத்து விதை மிச்சம். பறவைகள் கூடு கட்டியிருக்கும் மரத்தைத் தொடாதீர்கள். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் பக்கமெல்லாம் மழைக்காலத்தில் நாரையும் கொக்கும் வந்து கருவேல மரங்களில்தான் கூடு வைக்கின்றன. குஞ்சு பறக்கும் வரை, பங்குனி தாண்டும் வரை, காத்திருக்கலாம். கரையில் நிற்கும் மரத்துக்கு வண்டியே வேண்டாம். வேரோடு இழுத்தால் கரை உள்ளுக்குள் பொத்துப்போகும், பெருமழையில் அந்த இடம்தான் உடையும். கையால் தோண்டி, கழுத்துக்குக் கீழே வெட்டி, குழியில் மண் போட்டு, தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். முள்ளில் கவனம். குத்தி உள்ளே முறிந்தால் வீங்கிச் சீழ் வைக்கும், கெட்டியான செருப்பு இல்லாமல் யாரையும் இறக்காதீர்கள்.

இனி எல்லோரும் விட்டுவிடுகிற இடத்துக்கு வருகிறேன். மழை விழுந்து 10, 15 நாளில் கன்று சாண் உயரம் வரும். மண் ஈரமாக இருக்கும்போது அடியைப் பிடித்து நேராக மேலே இழுத்தால் வேர் அறாமல், எலிவால் மாதிரி முழுசாக வரும். ஒரு பிள்ளை ஒரு காலைப் பொழுதில் நூற்றுக்கணக்கில் பிடுங்கிவிடும். அதையே தைக்கு விட்டால் மண் இறுகிவிடும், இழுத்தால் தண்டு அறும், கழுத்து உள்ளே நிற்கும். அடுத்த வருஷம் மண்வெட்டி வேண்டும், அதற்கடுத்த வருஷம் திரும்ப ஜேசிபிதான். தண்ணீர் வற்ற வற்ற ஓரத்தில் புதுக்கன்று வரிசையாக முளைக்கும், மாசி, பங்குனியில் இன்னொரு முறை இறங்க வேண்டும். பழைய தூரில் துளிர் கண்டால் அன்றைக்கே தோண்டிவிட வேண்டும்.

இதற்கு ஆளை இப்போதே பேசி வையுங்கள். எங்கள் ஊரில் இரண்டாவது முறை தலைக்கட்டுக்கு (வீட்டுக்கு) ஓர் ஆள், வருஷத்துக்கு 2 நாள் என்று வைத்தோம். வர முடியாதவர்கள் ஒரு ஆள் கூலியைக் கட்டினார்கள். கண்மாயைத் தெருவுக்கு ஒரு பங்காகக் கல் நட்டுப் பிரித்தோம், எந்தத் தெருப் பங்கில் கன்று நிற்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். நீர்ப்பாய்ச்சி தினமும் கண்மாயைச் சுற்றுகிறவர், அவருக்குக் கொஞ்சம் நெல் கூடுதலாகக் கொடுத்துத் துளிரைக் கண்டால் சொல்லச் சொன்னோம். முதல் வருஷம் பிடுங்கிப் பிடுங்கிக் கை கடுத்தது. மூன்றாவது வருஷம் அரை நாளில் முடிந்தது. கையிலுள்ள பணத்தை மொத்தமாக வண்டிக்குக் கொடுத்துவிடாதீர்கள். 100 ரூபாய் இருந்தால் 40 ரூபாயை அடுத்த 3 மழைக்கென்று தனியாக எடுத்து வையுங்கள். அது கட்டுப்படியாகாது என்றால் எடுக்கிற பரப்பைக் குறையுங்கள்.

ஆடுமாட்டை மறந்தால் இவ்வளவும் பாழ். பழம் கொட்டும் மாதங்களில் முள்காட்டில் மேய்ந்த மந்தையை நேராகச் சுத்தம் செய்த கண்மாய்க்குள் ஓட்டக் கூடாது. 4, 5 நாள் வேறு இடத்தில் அடைத்து, வயிறு காலியான பிறகு விடலாம். கிடை போட வரும் கீதாரிகளிடமும் பக்குவமாகச் சொல்லுங்கள். நெற்று நல்ல தீவனம்தான், அதை அப்படியே தின்னவிடுவதுதான் கெடுதல். பொறுக்கிக் காயவைத்து, விதையும் நொறுங்குகிற மாதிரி மில்லில் அரைத்து, தவிடு, பிண்ணாக்கோடு கால் பங்குக்கு மேல் போகாமல் கலந்து கொடுக்கலாம். விதையும் செத்தது, தீவனச் செலவும் குறைந்தது. நெற்றை மட்டுமே மாதக்கணக்கில் தின்கிற மாட்டுக்குத் தாடை இழுத்துக்கொள்ளும், அசை போட முடியாமல் மெலியும்.

காலி செய்த இடத்தை வெறுமனே விடாதீர்கள். கரைச்சரிவில் பனங்கொட்டை ஊன்றுங்கள், செலவே இல்லை. உள்வாய் மேட்டில் நாட்டுக்கருவேலம், கரைக்கு வெளியே பூவரசு, புங்கன், வேம்பு. மேய்ச்சல் பக்கம் கொழுக்கட்டைப்புல் விதைத்துவிடுங்கள், புல் தரையை மூடினால் சீமைக்கருவேலக் கன்றுக்கு இடம் குறையும். தண்ணீர் தேங்கும் நடுப்பகுதியில் எதையும் நட வேண்டாம்.

மருந்து விஷயத்தில் நான் கண்டிப்பானவன். கண்மாய்க்குள் களைக்கொல்லி வேண்டாம். ஆடும் மாடும் குடிக்கிற, பிள்ளைகள் குளிக்கிற, மீன் பிடிக்கிற தண்ணீர் அது. கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை ஆளாளுக்கு வாங்கி அடிப்பதை மத்திய அரசே 2022-இல் கட்டுப்படுத்தியது, அதற்கென உரிமம் பெற்றவர்கள்தான் அடிக்க வேண்டும். தூரில் டீசல், மண்ணெண்ணெய் ஊற்றுவதும் அதே கதைதான், மிச்ச எண்ணெய் மழையில் கண்மாய்க்குத்தான் வரும்.

பார்த்தீனியம் இதைவிட எளிது, ஏனென்றால் அது ஒரு வருஷச் செடி, தூர் கிடையாது. 1950-களில் புனே பக்கம் முதலில் கண்ணில் பட்டு, பிறகு நாடு முழுக்கப் பரவியது. ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை போடும், ஆகவே வெள்ளைப் பூ வருவதற்கு முன் பிடுங்கிவிட வேண்டும். பூத்த பிறகு பிடுங்கி சாலையோரம் போட்டால் நாமே விதைத்த மாதிரி. பூக்காத செடியை எருக்குழியில் போடலாம், மட்கி நல்ல எருவாகும். பூத்ததைக் குழியில் ஆழமாகப் புதைத்துவிடுங்கள். வெறுங்கையால் தொடவே கூடாது. தோலில் அரிப்பு, கொப்புளம், சிலருக்கு மூச்சிரைப்பு வரும், ஒருமுறை ஒவ்வாமை பிடித்தால் விடாது. கையுறை போட்டு, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு இறங்குங்கள், ஆஸ்துமா உள்ளவர்கள் வர வேண்டாம். பயிர் இல்லாத ஓரங்களில் லிட்டருக்கு 200 கிராம் கல்லுப்பு கரைத்து வெயில் நேரத்தில் தெளித்தால் கருகும். வயலிலும் வரப்பிலும் உப்பைக் கொண்டுபோகாதீர்கள், நம் மண்ணில் உப்பு ஏற்கெனவே போதும். இலையைச் சல்லடையாக அரிக்கும் சின்ன வண்டு ஒன்றைப் பார்த்தால் கொல்லாதீர்கள். வெளிறிய முதுகில் கறுப்புக் கோடுகள் ஓடும். மெக்சிகோவிலிருந்து இதற்காகவே வரவழைத்து 1984-இல் பெங்களூரில் விட்ட வண்டு அது. பிடுங்கிய இடத்தில் ஆவாரை, தகரை, கொழுஞ்சி விதையைத் தூவுங்கள். அவை முந்திக்கொண்டால் பார்த்தீனியம் தலையெடுப்பது சிரமம்.

இப்போது சித்திரை முடியப் போகிறது. இந்த வாரமே நாலு பேரோடு கண்மாயைச் சுற்றி வந்து, வரத்துக்காலில் எத்தனை தூர் நிற்கிறது என்று மட்டும் எண்ணி வையுங்கள். அந்த எண்ணிக்கை கையில் இருந்தால்தான் மூட்டம் போடுகிறவர்களிடம் பேச முடியும். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள், தீர்மானத்தில் என்னென்ன நிபந்தனை வைப்பது என்று அப்புறம் சேர்ந்து எழுதலாம்.